ஜிம் போர்டில் பசவண்ணர், என் பையில் ஆறு பாக்கெட் சட்னிப் பொடி

வணக்கம் மக்களே. பின்னால் மிக்சி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாடியில் உட்கார முடியாத வெயில், அதனால் அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்து பேசுகிறேன். கர்நாடகத்துக் கூடலசங்கமத்துக்குப் போய் எடுத்த வீடியோ எங்கே என்று நாலு நாளாகக் கேட்கிறீர்கள். அது வராது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் இந்த ஜிம் விஷயத்தைக் கொட்டிவிடுகிறேன்.

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு ஜிம். வாசலில் ஆளுயர போர்டு. புஜத்தை முறுக்கிக் காட்டும் ஒருவர், கீழே 'உடலே கோயில் - பசவண்ணர்'. அதற்கும் கீழே வருஷத்துக்கு 18,000 ரூபாய், ஜோடியாகச் சேர்ந்தால் 30,000. ஜோடிக்கு 6,000 தள்ளுபடியாம். நான் ஒண்டிக்கட்டை, எனக்கென்ன தள்ளுபடி? சரி, அது கிடக்கட்டும்.

பசவண்ணர் 12ஆம் நூற்றாண்டுக் கன்னடச் சிவபக்தர். போர்டில் உள்ள வரி வரும் அவருடைய வசனம் தொடங்குவதே காசில்லாதவன் குரலில்தான். 'உள்ளவரு சிவாலயவ மாடுவரு, நானேன மாடுவெ, படவனய்யா'. கன்னடம் என்று பயப்படாதீர்கள், காதைக் கொடுத்தால் பாதி நம் வீட்டுப் பேச்சு. கையில் உள்ளவர் சிவனுக்குக் கோயில் கட்டுவார், நான் என்ன செய்வேன், ஏழை ஐயா. இதற்குப் பிறகுதான் காலே தூண், உடம்பே கோயில், தலையே பொற்கலசம் என்று வருகிறது. போர்டுக்காரர்கள் ஏழையைக் கழற்றிவிட்டு உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இதுதான் எனக்கு ஆகவில்லை.

இன்னொன்று. இப்படிப் பாடியவர் கல்யாண நகரில் பிஜ்ஜள மன்னரின் கருவூலத்தைப் பார்த்த பண்டாரி. ஊர்ப் பணமெல்லாம் கைவழியே போன மனிதர் 'நான் ஏழை' என்கிறார். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. யார் பக்கம் நின்று பேசுகிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார், அவ்வளவுதான்.

ஆ, வசனம் என்றால் என்ன என்று சொல்லாமலே போகிறேன். சினிமா வசனம் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சிவசரணர்கள் என்ற சிவனடியார்கள் கன்னடத்தில் சொன்னவை. யாப்புக் கட்டு கிடையாது, பேச்சு மாதிரி ஓடும், முடிவில் அவரவர் சாமி பெயர் முத்திரையாக நிற்கும். பசவண்ணருக்குக் கூடலசங்கமதேவா, அக்கமகாதேவிக்குச் சென்னமல்லிகார்ஜுனா. அக்கமகாதேவி வீடியோவில் இதை விரிவாகவே பேசியிருக்கிறேன்.

இப்போது கூடலசங்கமத்துக்கு வருவோம். பாகல்கோட்டை மாவட்டம், கிருஷ்ணாவும் மலப்பிரபாவும் கூடும் இடம். பசவண்ணர் இளவயதில் படித்ததும் இங்கேதான், கடைசியில் சிவனோடு ஐக்கியமானதும் இங்கேதான் என்பார்கள். அந்த ஐக்கிய மண்டபத்தைப் பார்க்கப் பாலம் போல ஒன்றில் நடந்து போய், பெரிய கிணறு மாதிரியான வட்டச் சுவருக்குள் படியிறங்க வேண்டும். நாராயணபுரம் அணையின் தண்ணீர் அதுவரை ஏறிவிடுவதால் மண்டபம் முங்காமல் இருக்க எழுப்பிய சுவர். வெளியே ஆறு, உள்ளே ஆழத்தில் நாம்.

வீடியோ வராததற்குக் காரணமும் இந்தச் சுவர்தான். 2,400 ரூபாய்க்குப் புது மைக் வாங்கினேன் என்று போன தடவை பீற்றிக்கொண்டேன் அல்லவா? அந்த வட்டத்துக்குள் நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் மூன்று முறை திரும்பி வந்தது. வீட்டில் போட்டுக் கேட்டால் நான் ஒருத்தி பேசுகிறேனா, கூட்டுப் பிரார்த்தனையா என்றே தெரியவில்லை. 2,400 ரூபாய்! பழைய 600 ரூபாய் மைக்கே இதைவிட மேல்.

அதே வசனத்தின் கடைசி வரி அங்கே நின்றபோதுதான் உறைத்தது. 'ஸ்தாவரக்களிவுண்டு, ஜங்கமக்களிவில்ல'. அளிவு என்பது நம் அழிவுதான், ழகரம் ளகரமாகிவிட்டது. நிற்பதற்கு அழிவுண்டு, நடப்பதற்கு இல்லை. சொன்னவருடைய மண்டபத்துக்கே தண்ணீருக்குத் தடுப்புச் சுவர் தேவைப்பட்டது. சொல்லுக்குச் சுவர் எதுவும் தேவைப்படவில்லை, அது எங்கள் தெரு ஜிம் வரைக்கும் நடந்து வந்துவிட்டது. கை கால் ஒடிந்துதான் வந்தது, ஆனாலும் வந்துவிட்டது.

நமக்கு இது புதிதும் இல்லை. திருமூலர் சொல்லும் 'படமாடக் கோயில்', 'நடமாடக் கோயில்' இதே கணக்கு. கோயில் சாமிக்குக் கொடுத்தால் நடமாடும் அடியாருக்குப் போகாது, அடியாருக்குக் கொடுத்தால் சாமிக்குப் போய்விடும். காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்த திருநின்றவூர்ப் பூசலாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் நாயன்மார்களைச் சரணர்கள் தங்கள் முன்னோராகவே பாடினார்கள்.

சரி, சட்னிப் பொடி. வரும் வழியில் ஷேங்கா சட்னிப் பொடி, அதாவது நிலக்கடலையும் பூண்டும் வற்றல் மிளகாயும் இடித்தது. பஸ் நிலையத்தில் ஒரு பாக்கெட் 110 சொன்னார்கள். நான் விடுவேனா? இரண்டு தெரு தள்ளி ஒரு ஆயாவிடம் அதே அளவு 60. ஐம்பது ரூபாய் மிச்சம் என்ற வெறியில் ஆறு வாங்கினேன். கணக்குப் பார்த்தால் 110க்கு முடிந்திருக்க வேண்டியது 360இல் முடிந்தது.

பஸ் ஏறியதும் ஆய்தக்கி லக்கம்மா ஞாபகம், அவளும் அந்தச் சரணர்களில் ஒருத்தி. சிந்திய அரிசியைப் பொறுக்கிப் பிழைத்த தம்பதி. 'காயகவே கைலாச', அதாவது உழைப்பே கைலாயம் என்று பசவண்ணர் பெயரில் எல்லாரும் ஒட்டுகிறார்களே, அது அவள் புருஷன் மாரய்யா வசனத்தில் வருவது. ஒருநாள் அவர் வழக்கத்தைவிட அதிகமாக அரிசி கொண்டு வந்தார். அவள் கேட்டாள், 'ஈசக்கியாசெ நிமகேகெ?' இத்தனை அரிசிக்கு ஆசை உங்களுக்கு எதற்கு? எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வரச் சொன்னாள்.

நான் திரும்பிப் போய்க் கொடுக்கவில்லை. அதற்குள் ஒரு பாக்கெட் பைக்குள் பிரிந்து, மைக் உறையெல்லாம் பூண்டு வாடை. இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. மிக்சி நின்றுவிட்டது, அம்மா தோசைக்குக் கூப்பிடுகிறார், தொட்டுக்கொள்ள இதுதான். வரேன் மக்களே.