அந்த சபைல யாரு வாயத் திறந்தா?

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன்மாரே, அக்காமாரே, முன்வரிசைல உக்காந்திருக்குற நிர்வாகக் குழு பெரியவங்களே. தீமிதி நெருங்குது, பாதிப் பேர் விரதத்துல இருக்கீங்க, அதனால பாஞ்சாலியிலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்ல வருஷா வருஷம் பூக்குழி இறங்குறது யாருக்காக? திரௌபதை அம்மனுக்காக. அவள முடியப் புடிச்சு நடு சபைக்கு இழுத்துட்டு வந்தப்ப அங்க இருந்தது ரவுடிக் கூட்டம் இல்லங்க, பீஷ்மர் இருந்தாரு, துரோணர் இருந்தாரு, கட்டுன புருஷன் அஞ்சு பேரும் இருந்தாங்க. தன்னையே தோத்துட்ட மனுஷன் என்னைய எப்படிப் பணயம் வைக்கலாம்னு கேட்டா. தர்மம் ரொம்ப சூட்சுமம்மா, எனக்குப் பதில் சொல்லத் தெரியலன்னுட்டாரு பீஷ்மர். சின்ன வயசுல இதக் கேக்குறப்ப துச்சாதனன் மேல தான் எனக்குக் கோவம் வரும். இப்ப பீஷ்மர் மேல தான் வருது.

ஏன்னா நானும் அப்படி இருந்திருக்கேன். ஒரு கோயில், பேரு வேணாம், வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்டிட்டிருந்தோம். பக்கத்துல ஒரு தங்கச்சி, ஊர்லேருந்து கல்யாணமாகி வந்து ரெண்டு வருஷம் இருக்கும். பூசணிக்காய்ல கத்திய அழுத்துறா, முடியல, எடது கைக்கு மாத்துறா. என்னம்மா ஆச்சுன்னேன். கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கான்னு சொல்லிட்டு சுடிதார் கைய மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டா, அதுக்குள்ள நான் பாத்துட்டேன், நாலு விரல் தடம் கன்னிப் போயிருந்துச்சு. கதவு இடிச்சா விரல் தடமா விழும்? தெரிஞ்சும் நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஒம்போது வாரம் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போடும்மா எல்லாம் சரியாயிடும்னேன். போட்டா, ஆறு வாரம் போட்டா. ஏழாவது வாரம் வரல. எங்க இருக்கான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

விளக்குப் போட வேணாம்னு சொல்ல வரல, நானும் தான் போடுறேன். கூடவே ஒரு ஃபோன் நம்பரையும் கொடுத்திருக்கணும்.

சட்டம் இல்லாமயா இருக்கு நம்ம ஊர்ல? பொம்பளைங்களையும் குடும்பத்தையும் பாதுகாக்குற மாதர் சாசனம்ங்குற சட்டம் 1961லயே வந்துருச்சு, அதுல இருக்குற குடும்ப வன்முறைப் பாதுகாப்பு முஸ்லிம் குடும்பங்களுக்கும் உண்டு. கட்டுன பொண்டாட்டியானாலும் கட்டாயப்படுத்துனா அது பாலியல் வன்கொடுமைதான்னு 2020 ஜனவரியிலேருந்து ஆயிடுச்சு. 2023ல மாதர் சாசனத்தத் திருத்துன சட்டம் 2025 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு, அதுப்படி அடி உதை மட்டுமில்ல, மனசளவுல சித்திரவதை பண்றது, யார்கிட்ட பேசுற எங்க போறன்னு ஆட்டிப் படைக்குறது எல்லாமே வன்முறைதான், 18 வயசு ஆயிட்டாலே பாதுகாப்பு உத்தரவுக்குத் தானே விண்ணப்பிக்கலாம். ஆனா சட்டம் கோர்ட்ல இருக்கு, அந்தத் தங்கச்சி நின்னது கோயில் அடுப்படில. டிபெண்டன்ட் பாஸ்ல, அதாவது புருஷனோட வேலை பாஸ நம்பி இங்க தங்கியிருக்குற பொண்ணுக்கு, போலீசுக்குப் போனா பாஸ் கட்டாயிடுமோன்னு பயம், ஃபோன வேற வீட்ல செக் பண்ணுவாங்க, ஃப்ரெண்டப் பாக்கப் போறேன்னா விட மாட்டாங்க, கோயிலுக்குப் போறேன்னா மட்டும் விடுவாங்க. சர்ச்ல ஜெபக்கூட்டத்துக்குன்னா விடுவாங்க, பள்ளிவாசல்ல பயானுக்கு, மார்க்கச் சொற்பொழிவுக்குன்னா விடுவாங்க. அவ தனியா இருக்குற அந்த ஒரு மணி நேரம் நம்ம கையில தான் இருக்கு.

அதனால பெரியவங்களே, பாஸ்டர்மாரே, இமாம்மாரே, ஒண்ணு கேட்டுக்குறேன். புருஷன் பொண்டாட்டிய எதிரெதிர உக்கார வச்சு சமாதானம் பேசுறத தயவுசெஞ்சு நிறுத்துங்க. அவன் முன்னாடி அவ எப்படி உண்மையச் சொல்லுவா? எல்லாரும் கும்பிட்டுட்டுக் கெளம்புவீங்க, அவங்க ப்ளாக்ல லிஃப்ட் கதவு மூடுனதுக்கப்புறம் நடக்குறது உங்களுக்குத் தெரியாது. அவளத் தனியா கேளுங்க, சொன்னா நம்புங்க, நீ என்னம்மா பண்ணன்னு கேக்காதீங்க.

குழுவுல எத்தனை பொம்பளைங்க இருக்கோம்னும் நீங்களே எண்ணிப் பாருங்க. அடுப்படில நாங்க முப்பது பேர் நிக்குறோம், முடிவு எடுக்குற மேசையில எத்தனை பேரு?

தீ மிதிக்கப் போற தம்பிமாருக்கு ஒண்ணு. கறி, தண்ணி எல்லாத்தையும் விடுறீங்க, ரொம்ப சந்தோஷம். வீட்ல கை ஓங்குறதையும் கத்துறதையும் அந்த விரதத்துல சேத்துக்குங்க, தீமிதி முடிஞ்சாலும் விரதத்த முடிச்சிடாதீங்க. கூட வர்ற ஃப்ரெண்டு பொண்டாட்டிய அடிச்சேன்னு பெருமையா பேசுனா சிரிச்சுட்டுப் போகாதீங்கப்பா. அந்த சபைல விதுரர் பேசுனாரு, கௌரவர்கள்லயே ஒருத்தன், விகர்ணன், சின்னப் பையன், எழுந்து இது தப்புன்னு சொன்னான். அண்ணனுக்கு எதிரா தான் சொன்னான்.

வலது பக்க மேசையில ஸ்டிக்கர் வச்சிருக்கேன், வன்முறைக்கு ஆளானவங்க கூப்பிடுற உதவி நம்பர் 1800-777-0000, 24 மணி நேரமும் எடுப்பாங்க. ஒவ்வொரு கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் பத்து பத்தா எடுத்துட்டுப் போங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டாதீங்க, அங்க நின்னு அவ நம்பர் எழுதுனா நாலு பேரு பாப்பாங்க. லேடீஸ் டாய்லெட் கதவுக்கு உள்பக்கமா, உக்காந்தா கண்ணுக்கு நேரா தெரியுற எடத்துல ஒட்டுங்க.