ஆமாம் சாமி போடும் இயந்திரம்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்குப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு இதைக் கேட்பவர்களும் இருப்பீர்கள். உங்களில் பாதிப் பேர் இந்நேரம் மேலாளரை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மீதிப் பேர் மேலாளர்கள்.

தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு தலைமைப் பயிற்சி எப்படி மாறியிருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். அதற்கு முன் என் தாத்தாவின் பெரட்டுக் களத்துக்கு ஒரு நடை போய்வருவோம்.

தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே பெரட்டு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் அணிவகுப்பு. கங்காணி பெயர் கூப்பிடும்போது வாயைத் திறக்கலாம், மற்ற நேரம் மூடியிருக்க வேண்டும். தலைமை என்றால் அதுதான் என்று எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை நம்பியது. மூன்றாவது தலைமுறை நான். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. தொண்ணூறுகளில் அங்கே ஒரு தொழிற்சாலையில் என்னை மேற்பார்வையாளராக்கினார்கள். கையில் பதிவேடு, கழுத்தில் அட்டை. அசல் கங்காணிதான்.

முதல் வாரமே ஒரு பையன், ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு உற்பத்தி வரிசையை நிறுத்திவிட்டான். கோளாறு எதுவும் இல்லை. எல்லாருக்கும் எதிரில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு வாரம் கழித்து இரவு ஷிப்டில் ஓர் இயந்திரத்தின் ஓசை மாறியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அதன் அருகில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் அந்த ஷிப்டின் உற்பத்தி முழுவதும் குப்பைக்குப் போகிறது.

“அக்கா, சத்தம் மாறியது உங்களுக்குத் தெரிந்ததா?” என்று கேட்டேன்.

“தெரிந்தது, தம்பி.”

“பிறகு ஏன் சொல்லவில்லை?”

“அந்தப் பையனுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்குமே.”

அவ்வளவுதான். கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஆலைப் பேருந்தில் ஏறிவிட்டார்.

அக்கா சொன்னதற்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தவர். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே தவற்றை ஒளிக்காமல் சொன்னார்கள். பேசினால் திட்டு விழாது என்ற அந்த நம்பிக்கையை அவர் 1999இல் உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் விரித்து எழுதினார். நான் அதை அக்காவின் பாடம் என்றுதான் வகுப்பில் சொல்வேன்.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். மேலதிகாரியைச் சுற்றி ஏற்கெனவே ஆமாம் சாமிகள் உண்டு. உரையாடும் மென்பொருளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளக் கூடியது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி முகத்துதி செய்கிறது என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. நம் ஊர் மேலாளர் நள்ளிரவில் ஒரு கண்டனக் கடிதத்தை எழுதி அதனிடம் காட்டினால், பிரமாதம் ஐயா என்று சொல்லிவிடக் கூடும்.

அதனால் வகுப்பில் நான் அதை எதிராளியாக நடிக்கச் சொல்கிறேன். “நீ இருபது ஆண்டு வேலை செய்தவர். என்மேல் கோபமாக இருக்கிறாய். சுலபத்தில் சமாதானமாகாதே” என்று எழுதச் சொல்வேன். கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் மூன்றாவது பதிலிலேயே “புரிகிறது, நன்றி” என்று உருகிவிடுகிறது. எந்த அக்கா மூன்று வாக்கியத்தில் உருகியிருக்கிறார்?

ஒருவர் தம் குழுவுக்கு ஒரு வாரம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை, பெயர்களை எடுத்துவிட்டு, அதனிடம் கொடுத்தார். “இவற்றைப் படிப்பவர் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்?” என்று கேட்கச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாச் செய்தியும் ‘ஏன்’ என்று தொடங்குகிறது என்று காட்டியது. மனிதர் ஆடிப்போனார். இதையே நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. எனக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் இயந்திரத்தின் முன் வெட்கம் குறைவு. அது கேண்டீனில் போய்ச் சொல்லாது.

மறுநாள் அவர் உண்மையான மனிதர்களிடம் போய்ப் பேச வேண்டும். அந்தப் பாதியைத்தான் நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன. மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு சம்பளத் தொகையில் ஒரு விழுக்காடு பயிற்சி லெவி கட்டுகிறோம், அதைச் செலவழித்தாக வேண்டும் என்று ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி, பகலில் பஃபே, மாலையில் சான்றிதழ். திங்கட்கிழமை மறுபடியும் ‘ஏன்’. பயிற்சிக்குப் பிறகு யார் யாரிடம் பேசினார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் மிச்சமாம். ஆளெடுப்பதையும் பதவி உயர்வையும் இயந்திரத்திடம் விடுவது பற்றிப் பேசத்தான் தாளில் நிறைய எழுதி வந்தேன். ஒன்று மட்டும்: அமேசான் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க அப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலும் ஆண்களே இருந்ததால் அது பெண்களைக் கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. கைவிட்டுவிட்டார்கள், 2018இல் செய்தி வெளியே வந்தது. இன்னொன்று, உங்கள் பணியாளர்களின் பெயர், சம்பளம், மருத்துவ விடுப்பு விவரம் எதையும் இந்த உரையாடும் மென்பொருளில் தட்டாதீர்கள்.

விரலும் மடங்கிவிட்டது. வணக்கம்.