ஞாயிறு நீங்கிய கிழமை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் நான், கிழமைப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும். லன்தி, மர்தி, மெர்க்ரெதி என்று திங்கள் முதல் சனி வரை எல்லாப் பெயர்களும் 'தி' என்று முடிகின்றனவே, ஞாயிறு மட்டும் ஏன் 'திமான்ஷ்' என்று 'தி'யில் தொடங்குகிறது? அந்தத் 'தி' நாளைக் குறிக்கும் 'தியேஸ்' என்ற இலத்தீன் சொல்லின் எச்சம். இந்த ஒரு பெயரில் மட்டும் அது முன்னால் வந்து நிற்க, அதன் பின்னே தேய்ந்து ஒட்டியிருப்பது 'தொமினிக்கா', அதாவது ஆண்டவருக்கு உரியது என்ற அடைமொழி. இத்தாலியத்தில் தொமேனிக்கா, ஸ்பானியத்தில் தொமிங்கோ, போர்த்துக்கீசியத்தில் தொமிங்கு, ருமேனியத்தில் துமினிக்க என வழங்குவதெல்லாம் இதே சொல்தான்.

பழைய உரோமானியருக்கு அது நம்மைப் போலவே சூரியனின் நாள். பேரரசர் கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டில் அந்நாளை நீதிமன்றங்களுக்கும் நகர மக்களுக்கும் ஓய்வு நாளாக்கி, உழவர்களுக்கு மட்டும் விலக்களித்து ஆணையிட்டபோதுகூட, அதில் சூரியன் பெயரையே எழுதினார். ஆனால் கிறிஸ்தவர்கள், இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால், ஏற்கெனவே அதை ஆண்டவருடைய நாள் என்று அழைத்து வந்தார்கள். நாளடைவில் இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளில் அவர்களது வழக்கே நிலைத்தது. திங்களில் நிலாவும் செவ்வாயில் மார்ஸ் என்ற போர்த்தெய்வமும் பெரும்பாலான அம்மொழிகளில் இன்றும் இருக்க, சூரியன் இடம்பெயர்ந்தான். போர்த்துக்கீசியர் ஒரு படி மேலே போய், திங்கள் முதல் வெள்ளி வரை எல்லாத் தெய்வங்களையும் விலக்கி, 'இரண்டாம் நாள்', 'மூன்றாம் நாள்' என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

என்னை நெகிழச் செய்வது அந்த 'ஆண்டவர்' என்ற சொல்லின் பிறப்புதான். இலத்தீனில் 'தொமுஸ்' என்றால் வீடு. 'தொமினுஸ்' என்றால் வீட்டுக்கு உடையவன். அடிமைகள் தம்மை விலைக்கு வாங்கியவனை அழைத்த சொல் அது. அடிமைத்தனத்தின் வாடை அதில் வீசியதால்தான், தம்மை அப்படி அழைப்பதைப் பேரரசர் அகஸ்டஸ் விரும்பவில்லை. தொடக்கத் திருச்சபையில் அடிமைகள் பலர் இருந்தார்கள். வாரம் முழுதும் உரிமையாளனை நோக்கி உச்சரித்த சொல்லை அவர்களே ஒரு நாளில் தம் கடவுளை நோக்கி உச்சரித்தார்கள் என்று நினைக்கும்போது, தஞ்சைப் பகுதி வயல்களில் கூலியாட்கள் நிலக்கிழாரை 'ஆண்டே' என்று விளித்ததும், அதே 'ஆள்' என்ற வேரிலிருந்து 'ஆண்டவர்' பிறந்ததும் என் நினைவுக்கு வருகின்றன. ஆளப்பட்டவர்களின் வாயில் பிறந்த சொற்கள் இவை இரண்டும் என்றே நான் கருதுகிறேன்.

'தொமினுஸ்' என்ற அந்தச் சொல் பிறகு எங்கெங்கோ சென்றது. ருமேனியர் கடவுளை 'தும்னெஸேவு' என்பதிலும், ஸ்பானியர் பெயருக்கு முன் மரியாதையாகத் 'தொன்' சேர்ப்பதிலும் அதுவே இருக்கிறது. 1493 நவம்பர் 3 அன்று கொலம்பஸ் கரீபியக் கடலில் ஒரு தீவைக் கண்டார். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் அத்தீவு தொமினிக்கா ஆயிற்று.

நம்மிடமும் அது வந்தது, வேறு உருவத்தில். 1221இல் மறைந்த ஸ்பானியத் துறவி தொமினிக்குவைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'சாமிநாதர்' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரை இங்கே வைத்தவர்கள் அதன் ஒலியைப் பெயர்த்து எழுதாமல் பொருளைத் தேடியிருக்கிறார்கள். வடமொழியில் 'ஸ்வாமி' என்பதற்கும் முதற்பொருள் உடையவன் என்பதுதான்.