பாலைவனம் போன சால்மன்

அனைவருக்கும் வணக்கம்.

சால்மன் மீனுக்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் லாக்ஸ். சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் அதே லாக்ஸ்தான். கிழக்கே போனால் ரஷ்யர்களுக்கு அது லசோஸ், லித்துவேனியர்களுக்கு லஷிஷா. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள் என்று காதே சொல்லிவிடும்.

லத்தீனில் மட்டும் சால்மோ. ரோமானியர்களின் மத்தியதரைக் கடலில் இந்த மீன் கிடையாது. இன்றைய பிரான்சின் தென்மேற்கில், அக்விடானியா மக்கள் எல்லாக் கடல்மீன்களையும்விட ஆற்றுச் சால்மனையே விரும்புகிறார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். சால்மோதான் பிரெஞ்சில் சோமோன் ஆனது.

ஆங்கிலத்தில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் இந்த மீன் லெயாக்ஸ். 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடிக்க வந்தார்கள். அப்புறம் மெல்ல மெல்லப் பிரெஞ்சுப் பெயர் ஏறி உட்கார்ந்துகொண்டது. பல நூற்றாண்டுகள் கழித்து, ஜெர்மனுக்கு நெருங்கிய இத்திஷ் மொழி பேசிய யூதர்கள் அந்தப் பழைய லாக்ஸ் சொல்லை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பேகல் ரொட்டியில் கிரீம் சீஸ் தடவி, உப்பில் ஊறிய சால்மனை மெல்லிசாகச் சீவி மேலே வைப்பார்கள். அதற்குப் பெயர் லாக்ஸ். தொலைத்த சொல் சாப்பாட்டுத் தட்டில் திரும்பிவிட்டது!

சரி, பாலைவனத்துக்கு வருவோம். சீனாவின் மேற்கே, தக்ளமக்கான் பாலையை ஒட்டிய ஊர்களில் கிடைத்த பழஞ்சுவடிகளின் மொழியை 1908இல் ஜீக், ஜீக்லிங் என்ற இரு ஜெர்மன் அறிஞர்கள் இந்தோ-ஐரோப்பிய மொழி, அதாவது லத்தீன், ஜெர்மன், ரஷ்யன், சமஸ்கிருதம் எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அடையாளம் கண்டார்கள். தொகாரிய மொழி அது. அதிலும் லக்ஸ் என்ற சொல் இருக்கிறது! கடலிலிருந்து முட்டையிடச் சால்மன் ஏறிவரும் ஆறு அங்கே ஏது? அதனால் அந்தச் சொல்லுக்கு வெறுமனே 'மீன்' என்று பொருள். மீனை விட்டுவிட்டார்கள், பெயரை விடவில்லை.

இந்தச் சொல்லை வைத்து அறிஞர்களிடையே ஒரு பெரிய வாதமே நடந்தது. சால்மன் ஏறுவது பால்டிக், வடகடல் பக்கத்து ஆறுகளில். எனவே இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியைப் பேசிய இந்தோ-ஐரோப்பியர்களின் ஆதித் தாயகமும் அங்கேதான் என்றார்கள் சிலர். எனக்கு அது ஒப்பவில்லை. கருங்கடல், காஸ்பியன் பக்கத்து ஆறுகளில் சால்மனின் நெருங்கிய உறவான ட்ரவுட் உண்டு. முதலில் அதற்கே இந்தப் பெயர் இருந்திருக்கலாம். பெயர் மீன் விட்டு மீன் தாவுவது ஒன்றும் அதிசயம் இல்லை. நம் மீன் கடையில் 'இந்தியன் சால்மன்' என்று எடை போட்டுக் கொடுக்கிறார்களே, அது நம்ம காலா மீன். சால்மனுக்கு அது எந்த வகையிலும் சொந்தம் இல்லை.