எவ்வளவு மழை என்பதைவிட எப்படிப் பெய்த மழை

அவையோருக்கு வணக்கம்.

வெப்பமண்டல மழை என்றாலே ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றுதான் பேச்சு தொடங்கும். ஆனால் மண்ணையும் மரத்தையும் வீட்டுத் தொட்டியையும் ஆட்டிவைப்பவை வேறு இரண்டு: ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது? அடுத்த மழைக்கு எத்தனை நாள்?

காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து, பிற்பகலில் இடியோடு கொட்டுகிறது. தூறலின் துளி அரை மில்லிமீட்டர். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கும். கொட்டும் மழையில் 5 மில்லிமீட்டர் துளியும் உண்டு. அதன் வேகம் 9 மீட்டர். விட்டம் 10 மடங்கு என்றால் எடை 1,000 மடங்கு! அந்த அடியில் வெற்று மண்ணின் கட்டி உடைந்து, பொடி துளைகளை அடைத்து, மேலே ஓர் ஏடு படிகிறது. அப்புறம் பெய்வதெல்லாம் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். நல்ல மழை பெய்தும் கிணறு ஊறவில்லையே என்பவர்கள் வானத்தை நோக வேண்டாம், தரையைக் கொஞ்சம் கீறிப் பாருங்கள்.

மரம் இருந்தால் போதும் என்பதும் அரைகுறைப் பேச்சு. தேக்கின் அகன்ற இலையில் திரண்டு சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரிது. சருகைக் கூட்டி எரித்துவிட்டால் தேக்கந்தோப்பிலும் மண் அரிக்கும். காப்பது சருகுதான்.

ஓயாமல் மழை இறங்கும் நிலத்தில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் எஞ்சும். மண் சிவப்பது இரும்பால்தான். அமேசான் காட்டின் சத்தில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும் இருக்கிறது. வெட்டி எரித்தால் சாம்பலின் வளம் சில போகங்களுக்குத்தான் வரும்.

வீட்டுக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். தெறிப்பும் கசிவும் போக ஏறக்குறைய 1,600 கைக்கு வரும். நீண்ட வறட்சிக்குப் பின் முதல் 1 அல்லது 2 மி.மீ. நீரில் தூசும் எச்சமும் இருக்கும். 100 முதல் 200 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள். தொட்டியின் அளவை மழையில்லா நாள்களை வைத்து முடிவுசெய்யுங்கள்: குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 5 பேருக்கு 100 நாளைக்கு 2,500 லிட்டர்.

இந்த இடைவெளி டெங்குக் கொசுவுக்கு ஒரு பொருட்டே இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். 7 முதல் 10 நாளில் கொசு பறக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கவிழ்ப்பதோடு நிறுத்தாமல், உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.