ஐ.பி. கொடுத்து டிஸ்சார்ஜ் வாங்கியாச்சு, சிபில் ஸ்கோரை எப்படித் தூக்கறது? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு எடுத்திருக்கற கேள்வி திருப்பூர் பக்கத்துலேர்ந்து ஒரு நேயர் அனுப்பினது. படிச்சிடறேன்: "பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தி நஷ்டமாகி, கோர்ட்ல ஐ.பி. கொடுத்தேன். போன வருஷம் டிஸ்சார்ஜ் ஆர்டர் வந்துடுச்சு. ரெண்டு பர்சனல் லோன் அதுல அடக்கம். ஒரு கிரெடிட் கார்டை மட்டும் அதுக்கு ரொம்ப முன்னாடியே பேசி செட்டில் பண்ணிட்டேன். இப்போ சிபில் ஸ்கோர் 531. ஒருத்தர் 15,000 ரூபா கொடுத்தா மூணு மாசத்துல 750 ஆக்கித் தர்றேன்னு சொல்றார். கொடுக்கலாமா? இனிமே எனக்கு பேங்க்ல கடன் கிடைக்குமா?"

அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீங்க. அதை முதல்ல சொல்லிடறேன். அந்தப் பணத்துக்கு வேற வேலை இருக்கு, பின்னாடி சொல்றேன். கடன் கிடைக்குமான்னா, கிடைக்கும். ஆனா இப்போ நீங்க கவனிக்க வேண்டியது 531ங்கற நம்பரை இல்லை. அந்த நம்பருக்குக் கீழே, ரிப்போர்ட்ல ஒவ்வொரு கடனுக்கும் எதிர்ல என்ன எழுதியிருக்குங்கறதைத்தான். அந்த வரிகள் தப்பா இருக்கற வரைக்கும் மேல நீங்க என்ன செஞ்சாலும் ஸ்கோர் நகராது.

ஐ.பி. பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது கடனைக் கட்ட முடியலைன்னு கோர்ட்ல போடற மனு, ஊர்ல மஞ்சள் நோட்டீஸ்னு சொல்றதுதான். 2016ல வந்த புது திவால் சட்டத்துல தனிநபருக்கும் ஒரு பகுதி இருக்கு. ஆனா அது கம்பெனிக் கடனுக்கு சொந்த ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான், 2019 டிசம்பர்லேர்ந்து, அமலுக்கு வந்திருக்கு. சாதாரண ஆளுக்கு இன்னும் 1920ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம்தான், சென்னை நகரத்துக்குள்ள 1909ம் வருஷத்துச் சட்டம். இதுல ரெண்டு கட்டம் உண்டு. முதல்ல கோர்ட் உங்களை நொடித்தவர்னு அறிவிக்கும். அப்புறம் கோர்ட் குறிச்ச காலத்துக்குள்ள நீங்களே டிஸ்சார்ஜுக்கு, அதாவது அந்தக் கடன்லேர்ந்து விடுவிக்கச் சொல்லி, மனு போடணும். நிறைய பேர் முதல் உத்தரவோட கேஸ் முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க. மனு போடலைன்னா அந்த அறிவிப்பே ரத்தாகிடும், கடன் பழையபடி தலைமேல நிக்கும். நேயர் டிஸ்சார்ஜ் வரைக்கும் போயிருக்கார், அது நல்ல விஷயம்.

இப்போ சிக்கல் எங்கேன்னா, கோர்ட் கொடுத்த உத்தரவு சிபிலுக்குத் தானாப் போகாது. சிபிலையும் சேர்த்து இந்த மாதிரி நாலு நிறுவனங்கள் இந்தியாவுல இருக்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். நாலுமே பேங்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும் அனுப்பற தகவலைத்தான் பதியும். கேஸ் நடந்தது பேங்கோட லீகல் டிபார்ட்மென்ட்டுக்குத் தெரியும். டேட்டா அனுப்பற பிரிவு வேற. அங்கே உங்க கணக்கு இன்னும் பாக்கியாவே உட்கார்ந்திருந்தா, அப்படியே போய்க்கிட்டே இருக்கும்.

அதனால முதல் வேலை, நாலு இடத்துலேர்ந்தும் முழு ரிப்போர்ட்டை எடுங்க. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாக் கொடுக்கணும். அவங்க இணையதளத்துலேயே பான் நம்பரும் மொபைல் ஓ.டி.பி.யும் போட்டு எடுக்கலாம். பணம் கட்டற பிளானைத்தான் பெருசாக் காட்டுவாங்க, இலவச ரிப்போர்ட்டுக்கான வழி சின்னதா இருக்கும், தேடுங்க. ஏதோ ஒரு ஆப்ல ஸ்கோர் பார்த்தது இதுக்குப் போதாது. நாலையும் எடுக்கச் சொல்றதுக்குக் காரணம், ஒண்ணுல சரியா இருக்கற கணக்கு இன்னொண்ணுல தப்பா இருக்கும்.

ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து, கையில பேனாவோட உட்காருங்க. ஒரு பர்சனல் லோன் இப்படி இருக்கும்னு வெச்சுக்குங்க: சாங்க்ஷன் தொகை 2,50,000. கரன்ட் பேலன்ஸ் 1,84,000. ஓவர்டியூ, அதாவது கெடு தாண்டின பாக்கி, 1,84,000. ரிட்டன் ஆஃப், அதாவது இனி வராதுன்னு பேங்க் கணக்குல தள்ளின தொகை, 1,52,000. குளோஸ் ஆன தேதி காலி. கீழே 36 மாசத்துக்குக் கட்டம் கட்டமா இருக்கும். அதுதான் டி.பி.டி., எத்தனை நாள் பாக்கிங்கற கணக்கு. 000ன்னா ஒழுங்கா கட்டியிருக்கீங்க. 30, 60, 90ன்னா அத்தனை நாள் தாமதம். எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ்.னா அந்த மாசம் பேங்க் தகவலே அனுப்பலை. டிஸ்சார்ஜ் தேதிக்குப் பிறகும் அந்தக் கட்டத்துல நாள் ஏறிக்கிட்டே போகுதா, கரன்ட் பேலன்ஸும் ஓவர்டியூவும் பூஜ்யம் ஆகலையா, அங்கே பேனாவால வட்டம் போடுங்க. நீங்க கேட்டு வாங்க வேண்டிய திருத்தம் அதுதான்.

இதுல ஒரு எல்லை இருக்கு. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி நீங்க கட்டாத மாசங்கள் உண்மை, அதை அழிக்கச் சொல்ல முடியாது. ரிட்டன் ஆஃப்ங்கற குறிப்பும் வரலாறா நிக்கும். ஆனா சட்டப்படி தீர்ந்த கடனை இன்னைக்கும் நிலுவைன்னு காட்டறது தப்பு. கேட்கறப்போ இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க. "எல்லாத்தையும் எடுத்துடுங்க"ன்னு எழுதற கடிதம் குப்பைக்குப் போகும். "இன்ன கணக்கு எண், இன்ன தேதி உத்தரவு, கரன்ட் பேலன்ஸும் ஓவர்டியூவும் பூஜ்யம்னு திருத்தணும்"னு எழுதினா பதில் சொல்லியாகணும்.

கோர்ட்லேர்ந்து டிஸ்சார்ஜ் ஆர்டரோட சர்டிஃபைட் காப்பி வாங்குங்க, ஜெராக்ஸ் போதாது. கடன்காரர் பட்டியல்ல அந்த பேங்க் பேர் இருக்கற பக்கத்தையும் சேர்த்துக்குங்க. பிராஞ்சுக்கு ஒண்ணு, பேங்க்ல புகாரைக் கவனிக்கற நோடல் ஆபீசருக்கு ஒண்ணு, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, மெயில்லயும் போடுங்க. அதே நாள் அந்தந்த கிரெடிட் நிறுவனத்தோட இணையதளத்துல டிஸ்பியூட், அதாவது இந்தத் தகவல் தப்புன்னு புகார், போட்டு, அந்த நம்பரை எழுதி வெச்சுக்குங்க. டிஸ்பியூட் இலவசம். ஆனா பேங்க் ஒத்துக்கிட்டாத்தான் அவங்க திருத்துவாங்க, அதனாலதான் பேங்குக்கும் எழுதச் சொல்றேன். பேங்க் 21 நாளுக்குள்ள பதில் தகவல் அனுப்பணும், மொத்தமா 30 நாளுக்குள்ள புகாரை முடிக்கணும். முடிக்கலைன்னா தாண்டின ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபா உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரல் 26லேர்ந்து இது நடைமுறையில இருக்கு. அப்படியும் நடக்கலைன்னா ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேன்கிட்ட, அதாவது குறைதீர்க்கற அதிகாரிகிட்ட, சி.எம்.எஸ்.ங்கற புகார் இணையதளம் வழியாப் போங்க, அதுக்கும் செலவு கிடையாது. சந்தேகம்னா 14448க்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

ரிப்போர்ட்ல அடிக்கடி மாட்டற இன்னும் ரெண்டு தப்பு. ஒண்ணு, உங்க கடனை பேங்க் ஒரு ஏ.ஆர்.சி.க்கு, அதாவது வாராக்கடன் வாங்கற நிறுவனத்துக்கு, வித்திருக்கும். அப்போ ஒரே கடன் ரெண்டு பேர்ல ரெண்டு தடவை நிலுவையாத் தெரியும். வித்தாச்சுன்னா பேங்க் வரியில பாக்கி பூஜ்யமா இருக்கணும். ரெண்டாவது நம்ம இனிஷியல் பிரச்சினை. எஸ். செல்வம், செல்வம் எஸ்., செல்வம் சுப்பையான்னு மூணு விதமா பேர் இருக்கறதால, வேற ஒரு செல்வத்தோட கடன் உங்க கணக்குல வந்து ஒட்டிக்கும். பான், பிறந்த தேதி, பழைய விலாசம் எல்லாத்தையும் ஒத்துப் பாருங்க. அதே நேரம் தெரியாத கம்பெனி பேர் இருந்தா உடனே தப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க. மொபைல் ஆப்ல வாங்கின சின்னக் கடன் அந்த ஆப் பேர்ல வராது, பின்னாடி இருக்கற ஃபைனான்ஸ் கம்பெனி பேர்லதான் வரும்.

அடுத்து அந்த கிரெடிட் கார்டு. பேசி முடிச்ச கணக்குல செட்டில்டுன்னு விழுந்திருக்கும். முழுசாக் கட்டினா விழறது குளோஸ்டு. கடன் கொடுக்கறவங்க பார்வையில ரெண்டுக்கும் பெரிய தூரம். ஏன்னா செட்டில்டுன்னா பேங்க் ஒரு பகுதியை இழந்திருக்குன்னு அர்த்தம். 80,000 பாக்கிக்கு 45,000 கட்டி முடிச்சிருந்தா, விட்டுக்கொடுத்த 35,000ஐ இப்போ கட்டி குளோஸ்டுன்னு மாத்தச் சொல்ல முடியும். ஆனா பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி, "இவ்வளவு கட்டினா நிலையை குளோஸ்டுன்னு மாத்தி அனுப்புவோம்"னு எழுத்துல வாங்கணும். ரெக்கவரி ஏஜென்ட் போன்ல சொல்றது, வாட்ஸ்ஆப் மெசேஜ், எதுவும் செல்லாது. கட்டினபிறகு பாக்கி இல்லைங்கற நோ டியூஸ் சர்டிஃபிகேட் வாங்கி, அடுத்த மாச ரிப்போர்ட்ல மாறியிருக்கான்னு பாருங்க. உங்ககிட்ட ஒதுக்க முடிஞ்ச பணம் இருந்தா, ஏஜென்ட்டுக்குப் போக வேண்டிய அந்த 15,000ஐ இதுல போடுங்க.

இன்னொரு விதியும் இருக்கு. 2023 ஜூன் 8ம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, சமரசமா முடிச்ச கடனுக்கு, விவசாயக் கடன் நீங்கலா, அந்த நிறுவனம் உங்களுக்கு மறுபடி கடன் கொடுக்கக் குறைஞ்சது 12 மாசம் ஆகணும். அதனால இப்போதான் செட்டில் பண்ணினவங்க பழைய பேங்க்லயே போய் உடனே கேட்டுப் பிரயோஜனமில்லை.

சரி, வரிகள் திருந்தியாச்சு. இப்போ புதுசா நல்ல பதிவு சேரணும். பழைய கடனெல்லாம் முடிஞ்சு கிடக்கறதால, புதுசா 000 விழறதுக்கு ஒரு கணக்கு வேணும். உங்க நிலைமையில யாரும் ஜாமீன் இல்லாம கொடுக்க மாட்டாங்க. அதனால எஃப்.டி. மேல கொடுக்கற கிரெடிட் கார்டு வாங்குங்க. 20,000 ரூபா டெபாசிட் போட்டா பேங்கைப் பொறுத்து 15,000லேர்ந்து 20,000 வரைக்கும் லிமிட் கிடைக்கும். இந்தக் கார்டை கிரெடிட் நிறுவனங்களுக்கு ரிப்போர்ட் பண்றீங்களான்னு பிராஞ்ச்ல கேட்டுக்குங்க.

லிமிட் 16,000ன்னா மாசம் 4,000, 4,500க்கு மேல போகாதீங்க, முப்பது சதவீதத்துக்குள்ள. பெட்ரோல், கரண்ட் பில், ஒரு மளிகை, போதும். இங்கே நிறைய பேர் தடுக்கி விழறாங்க: டியூ தேதிக்குள்ள முழுசாக் கட்டறாங்க, ஆனாலும் ஸ்கோர் ஏறலைங்கறாங்க. காரணம், பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் போடற அன்னைக்கு இருக்கற பாக்கிதான் ரிப்போர்ட் ஆகுது. ஸ்டேட்மென்ட் தேதி 18, அன்னைக்குப் பாக்கி 14,000னா, லிமிட்டைக் கிட்டத்தட்ட முழுசாத் தின்னுட்டீங்கன்னுதான் தெரியும். அவசரத்துக்குக் கூடுதலா செலவு பண்ணிட்டா 16ம் தேதியே ஒரு பகுதியைக் கட்டிடுங்க. மினிமம் டியூ மட்டும் கட்டற பழக்கமே வேண்டாம். மிச்சத்துக்கு வருஷம் 36, 40 சதவீதம்னு வட்டி ஓடும். டோட்டல் டியூவுக்கு ஆட்டோ டெபிட் போட்டு, அந்தக் கணக்குல பணம் இருக்கான்னு பாருங்க.

நகைக்கடனும் உதவும், பேங்க்லயோ பதிவு பெற்ற ஃபைனான்ஸ் கம்பெனியிலயோ வெச்சாத்தான். அடகுக்கடை, சீட்டு, தண்டல் இதெல்லாம் எவ்வளவு ஒழுங்காக் கட்டினாலும் ரிப்போர்ட்ல ஏறாது. நகையை வெச்சு வருஷக் கடைசியில மொத்தமாத் திருப்பற கடனா இருந்தா, கெடு தேதியைத் தவற விடாதீங்க. நகை பெட்டியில பத்திரமாத்தானே இருக்குன்னு பத்து நாள் விட்டா அதுவும் ஓவர்டியூதான். மகளிர் குழுக் கடனும் பதிவாகும், வீட்ல யாராவது குழுவுல இருந்தா அதையும் கவனிங்க.

ஒரு வருஷத்துக்கு வேற எங்கேயும் விண்ணப்பிக்காதீங்க. ஒவ்வொரு விண்ணப்பமும் என்கொயரியா, அதாவது கடன் கேட்டீங்கங்கற குறிப்பா, பதியும். "உங்களுக்கு ஏத்த லோன்"னு காட்டற இணையதளங்கள்ல ஒரு தடவை நம்பர் கொடுத்தா அஞ்சாறு நிறுவனம் ஒரே வாரத்துல உங்க ரிப்போர்ட்டை இழுத்துப் பார்த்திடலாம். நீங்களே உங்க ரிப்போர்ட்டைப் பார்க்கறதால ஸ்கோர் குறையாது, பயப்படாதீங்க.

அந்த ஏஜென்ட் எப்படி 750 ஆக்குவார்? எல்லாக் கணக்குக்கும் ஒரே நேரத்துல டிஸ்பியூட் போடுவார். அதை நீங்களே இலவசமாச் செய்யலாம்னு பார்த்தோம். உண்மையான பதிவு பேங்க் உறுதி பண்ணினதும் அப்படியே நிக்கும். நடுவுல உங்க பான், ஆதார், ஓ.டி.பி. எல்லாம் அவர் கையில இருக்கும்.

காலக்கணக்கு: வரித் திருத்தத்துக்கு ரெண்டு மூணு மாசம் வெச்சுக்குங்க. எஃப்.டி. கார்டுல ஒரு வருஷம் சுத்தமா ஓடினா, வண்டிக் கடன் மாதிரி பொருள் ஜாமீனா இருக்கற கடனை, முன்பணம் கூடுதலாப் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக் கடனுக்கு அவசரப்பட வேண்டாம். எஃப்.டி. கார்டோட 36 கட்டமும் 000 ஆனபிறகு போங்க. பழைய பதிவை அந்த நிறுவனங்கள் குறைஞ்சது 7 வருஷம் வெச்சிருக்கும், ஆனா பழசு ஆக ஆக அதோட எடை குறையும்.

கடைசியா, நேயர் கேட்காத ஒண்ணு. அந்த ரெண்டு லோன்ல யாராவது ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போட்டிருந்தா, உங்க டிஸ்சார்ஜ் அவங்களை விடுவிக்காது. சட்டத்துலேயே அப்படித்தான் இருக்கு. உங்க தம்பியோ வீட்டம்மாவோ கையெழுத்துப் போட்டிருந்தா அந்தக் கடன் இன்னைக்கும் அவங்க ரிப்போர்ட்ல ஓடிக்கிட்டிருக்கும், அவங்களுக்கே தெரியாம இருக்கலாம். உங்க ரிப்போர்ட்டை எடுக்கற அன்னைக்கே அவங்களோடதையும் எடுத்துப் பாருங்க. பாக்கி இருந்தா பேங்க்ல அதைத் தனியாப் பேசணும்.