சளில கிருமி தெரிஞ்சா டிபி தானா?

வணக்கம் மக்களே, வெண்ணாத்துக் கரைல நின்னு பேசுறேன், காத்து சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க. இன்னைக்கு மேட்டர் என்.டி.எம், அதாவது டிபி அல்லாத மைக்கோபாக்டீரியாங்கிற கிருமிக் கூட்டம். டிபி கிருமிக்கு இது பங்காளி மாதிரி, ஒரே குடும்பம் ஆனா வேற வேற ஆளு, இதுல மட்டும் 190 வகைக்கு மேல இருக்கு. டிபி மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்கு காத்துல வரும், இது மண்ணுல, தண்ணில, பைப்புக்குள்ள வழவழன்னு படியுதே அதுல இருக்கும். அப்போ சேத்துலயே கிடக்குற நம்ம டெல்டாக்காரங்க கதின்னு பயந்துராதீங்க, முக்கால்வாசி பேருக்கு ஒண்ணும் பண்ணாது. ஏற்கெனவே டிபி வந்து நுரையீரல்ல தழும்பு இருக்கவங்க, மூச்சுக்குழாய் விரிஞ்சு போனவங்க, சிஓபிடின்னு சொல்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருக்கவங்க, இவங்களுக்குத்தான் தொல்லை.

எங்க பெரியப்பா அப்படித்தான். பழைய டிபி, கோர்ஸ் முடிச்சவரு, வருஷம் கழிச்சு திரும்ப இருமல், எடை குறையுது, சளி டெஸ்ட்ல பாசிட்டிவ். உடனே டிபி மாத்திரை, வீட்டுல அவருக்குன்னு தனி தட்டு தனி டம்ளர் (டிபியே தட்டுல ஒட்டாதுங்க, அத யாரு கேக்குறா). மாசக்கணக்கா மாத்திரை போட்டும் இருமல் நிக்கல.

விஷயம் என்னன்னா மைக்ராஸ்கோப்புல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ரெண்டுமே சாயம் ஏத்திட்டு ஆசிட் ஊத்தினாலும் அந்த சிவப்பு போகாது. சிபிநாட்னு சளில டிபி கிருமியோட மரபணுவத் தேடுற டெஸ்ட் இருக்கு, அதுதான் டிபி கிருமிய மட்டும் தனியா காட்டும். சளில கிருமி தெரியுது ஆனா சிபிநாட் நெகட்டிவ்னா அங்க என்.டி.எம் சந்தேகம் வரணும், பெரியப்பா விஷயத்துல அந்த சந்தேகம் வந்ததே ரொம்ப லேட்டு. அப்புறம் கல்ச்சர், அதாவது சளில இருக்க கிருமிய லேப்ல வளத்துப் பாக்குறது, அதுக்கு வாரக்கணக்கு ஆகும். அதுலயும் ஒரு தடவ சளில வளந்துச்சுன்னா நோய்னு முடிவு பண்ண மாட்டாங்க, தண்ணில இருந்து கூட வந்திருக்கலாம்ல, அதனால ரெண்டு சளி சாம்பிள், சிடி ஸ்கேன், உடம்புல தொந்தரவு எல்லாம் ஒத்து வரணும்.

டிபின்னா வழக்கமா ஆறு மாசம். இதுல ஏவியம் வகைக்கு அசித்ரோமைசின், எத்தாம்பியூட்டால், ரிஃபாம்பிசின், சளி நெகட்டிவ் ஆனப்புறமும் இன்னும் ஒரு வருஷம். அப்சசஸ்னு இன்னொரு வகை இருக்கு, அது டிபி மாத்திரைய மதிக்கவே மதிக்காது, ஊசி எல்லாம் போடணும்.

இன்னொண்ணு, 1968ல செங்கல்பட்டுல பிசிஜிங்கிற டிபி தடுப்பூசி பத்தி பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, பெரியவங்க நுரையீரல் டிபிய அந்த ஊசி தடுக்கலன்னு வந்துச்சு, அந்த ஊர் மண்ணு தண்ணில இருக்க இந்தக் கிருமிங்க ஒரு காரணமா இருக்கலாம்னு ஒரு விளக்கம் உண்டு.

இத கேட்டுட்டு யாரும் டிபி மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. சிபிநாட் பாத்தாங்களான்னு கேளுங்க, ரிப்போர்ட்ல வெறும் என்.டி.எம்னு போட்டிருந்தா எந்த வகைன்னும் கேட்டு வாங்குங்க. சரி, மோட்டார் போட ஆளு வந்துட்டாரு, வரேன்.